எத்தனை மீட்டர் வரை சுடலாம், சொல்தா?

சென்ற இதழில் வேட்டைத் துப்பாக்கிகள் பற்றி நான் எழுதிய இரண்டு பக்கத்துக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று ஆசிரியரும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: நான் புதுச்சேரிக்காரன், பிரெஞ்சு ராணுவத்தில் பதினாறு வருடம் இருந்துவிட்டு, அப்புறம் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் ஒரு சின்ன ஊரில் வேலை பார்த்து, அங்கே வேட்டைக்காரர்களோடு சேர்ந்து திரிந்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவன். எங்கள் தெருவில் யாருக்கும் என் பெயர் தெரியாது, சொல்தா (பிரெஞ்சில் சிப்பாய்) வீடு என்றால் கை காட்டுவார்கள். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: தூரம். அதனால் இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். திட்டி வந்த கடிதங்களில் ஒன்றுக்கும் கடைசியில் பதில் இருக்கிறது.

கேள்வி: ஐயா, என் தங்கை மகன் கிரெனோபிளில் வேலையில் இருக்கிறான். போன வருடம் வேட்டைக்கான பெர்மி, அதாவது அனுமதிச் சீட்டுக்கான பரீட்சை எழுதித் தேறினான். இப்போது புது ரைபிள் வாங்கி, 700 மீட்டரில் இரும்புத் தகட்டை அடிக்கிற வீடியோவாக அனுப்பிக்கொண்டே இருக்கிறான். வருகிற சீசனில் 600 மீட்டரில் ஷமுவா அடித்துக் காட்டுகிறேன் என்கிறான். இது திறமையா, தப்பா? நீங்கள் சொன்னால் கேட்பான். (ஒரு வாசகி, முத்தியால்பேட்டை)

அம்மா, அவன் கேட்பான் என்கிற நம்பிக்கை எனக்கு இல்லை, அந்த வயதில் நானும் யார் சொல்லியும் கேட்டதில்லை. ஆனாலும் இதை அவனுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள்.

முதலில் ஷமுவா என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: மலைச்சரிவில் வாழ்கிற ஆட்டுச்சாதி, கொக்கி மாதிரி வளைந்த சின்னக் கொம்பு, நம்ம ஊர் நல்ல வெள்ளாட்டுக் கிடா அளவு இருக்கும். நுரையீரலும் இதயமும் இருக்கிற இடம், அதாவது குண்டு பட்டால் சீக்கிரம் உயிர் போகிற இடம், ஏறத்தாழ ஒரு சாண். அந்த ஒரு சாணை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம்.

சாதாரணமான .308 (தோட்டா அளவு) ரைபிளை 100 மீட்டருக்கு ஜீரோ செய்து, அதாவது அந்தத் தூரத்தில் குறிபார்த்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்தால், 600 மீட்டரில் குண்டு சுமார் மூன்று மீட்டர் கீழே இறங்கியிருக்கும். இது பிரச்சினையே இல்லை, ஸ்கோப்பின் குமிழைத் திருப்பினால் சரியாகிவிடும், பையன் வீடியோவில் செய்வதும் அதைத்தான். பிரச்சினை என்னவென்றால் அந்த இடத்தில் குண்டு நேராகப் போகவில்லை, சரிந்து விழுந்துகொண்டிருக்கிறது. தூரத்தை வெறும் 25 மீட்டர் தப்பாக எடுத்தால் குண்டு ஒரு அடிக்கு மேல் மேலேயோ கீழேயோ போய்விடும். சரி, தூரத்தை அளக்க லேசர் இருக்கிறது என்பான். இருக்கட்டும். காற்றை அளக்க அவனிடம் லேசர் இல்லையே? அவன் நிற்கிற இடத்துக் காற்றைக் கையடக்கக் கருவியில் அளக்கலாம், நடுவில் இருக்கிற பள்ளத்தாக்கில் காற்று என்ன செய்கிறது, அந்தப்பக்கப் பாறையில் வெயில் பட்டு மேலே கிளம்புகிற காற்று என்ன செய்கிறது என்பதை யார் அளப்பது? மணிக்கு 5 கி.மீ. தப்பாகக் கணித்தாலே 600 மீட்டரில் அந்தக் குண்டு ஒரு சாணுக்கு மேல் விலகும். அதாவது நெஞ்சுக்குப் போக வேண்டியது வயிற்றுக்குப் போகும்.

இதெல்லாம் கூடப் பயிற்சியால் குறைக்கக்கூடிய தப்புகள். குறைக்கவே முடியாத ஒன்று இருக்கிறது. 600 மீட்டர் போய்ச் சேர அந்தக் குண்டுக்கு ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். இரும்புத் தகடு அந்த ஒரு விநாடியில் எங்கேயும் போகாது. ஆடு போகும். சும்மா மேய்கிற ஆடு ஓர் அடி எடுத்து வைத்தாலே போதும், நீங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாலும் குண்டு குடலில் இறங்கும். விசையை இழுத்த பிறகு திரும்பக் கூப்பிட முடியாத அந்த ஒரு விநாடியில் யார் பொறுப்பு என்று அவனிடம் கேளுங்கள்.

இன்னொன்று, அவன் கடையில் கேட்டிருக்கவே மாட்டான். வேட்டைக் குண்டு உள்ளே போனதும் விரிய வேண்டும், விரிந்தால்தான் காயம் பெரிதாகி மிருகம் சீக்கிரம் சாகும். அப்படி விரிவதற்குப் பல குண்டுகளுக்கு விநாடிக்கு 550 மீட்டர் போல வேகம் தேவை. .308 குண்டு அந்த வேகத்தை 500 மீட்டருக்கு முன்னாலேயே இழந்துவிடும். அதற்கப்புறம் அது ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போகும், ஆடு ஓடும், இவன் தவறவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அடுத்ததைத் தேடுவான். தகட்டை அடித்தால் டங் என்று சத்தம் வரும், ஆடு சத்தம் போடாது.

அப்படியென்றால் எத்தனை மீட்டர்? பிரான்சில் பெரிய மிருகத்துக்கான குண்டு 100 மீட்டரில் குறைந்தது 1000 ஜூல் சக்தியோடு இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. குறைந்தபட்சத்தைச் சொன்னவர்கள் இந்தத் தூரத்துக்கு மேல் சுடாதே என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் க்ராக்கெட் கிளப், நியாயமான வேட்டை என்றால் என்னவென்று நூறு வருடத்துக்கு மேல் பேசிக்கொண்டிருக்கிற சங்கம், அவர்களும் மீட்டர் கணக்கு சொல்லவில்லை. அவர்கள் சொல்வது வேறு: மிருகம் தன் கண்ணாலும் மூக்காலும் காதாலும் ஆபத்தை உணர ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும், அந்த வாய்ப்பே இல்லாத தூரத்தில் இருந்து சுடுவது வேட்டையில் சேராது, கருவியைச் சோதிக்கத்தான் சுடுகிறாய் என்றால் அதற்கு மிருகம் எதற்கு. எனக்கு இதில் முழு உடன்பாடு. நான் பார்த்தவரை 600 மீட்டரில் சுடுகிறவர்களில் நிறையப் பேருக்கு அந்த ஆட்டை 200 மீட்டருக்கு நெருங்கத் தெரியாது, அதுதான் விஷயம். நெருங்குவதற்கு மலை ஏற வேண்டும், காற்றுக்கு எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும், பாதி நாள் வயிற்றில் ஊர்ந்து, கடைசியில் ஒரு கல் உருண்டு, ஆடு போய்விட்டால் வெறுங்கையோடு இறங்க வேண்டும். குமிழைத் திருப்புவது சுலபம்.

எங்கள் மலையில் ஒரு கிழவர் எனக்குச் சொன்ன முறையை அவனுக்குச் சொல்லுங்கள். பத்து வெவ்வேறு நாள், நாளுக்கு ஒரே ஒரு தோட்டா. குழல் சூடாகாத முதல் குண்டுதான் கணக்கு, ஏனென்றால் மிருகத்தின் மேல் சுடுவதும் அந்த முதல் குண்டுதான். மேசையில் மணல் மூட்டை வைத்துச் சுடக்கூடாது, மூச்சு வாங்க ஒரு ஏற்றம் ஏறிவிட்டு, முதுகுப்பையின் மேல் வைத்தோ கோலில் சாய்த்தோ சுட வேண்டும். ஒரு சாண் அகலத் தட்டில் பத்தில் பத்தும் விழுகிற தூரம் எதுவோ, அதுதான் காற்றில்லாத நாளில் உன் எல்லை, காற்றிருந்தால் அதிலும் குறை. நான் அதைச் செய்து பார்த்தபோது எனக்கு வந்தது 220 மீட்டர். ராணுவத்தில் குறிபார்த்துச் சுடுவதில் நல்ல பெயர் வாங்கியவன் நான், இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

கேள்வி: லட்ச ரூபாய் ஸ்கோப்புக்கும் இருபதாயிரம் ரூபாய் ஸ்கோப்புக்கும் என்ன வித்தியாசம்? (ஒரு வாசகர், லாஸ்பேட்டை)

குமிழைப் பத்து கோடு ஏற்றி, பத்து கோடு இறக்கினால் பழைய இடத்துக்கே வருகிறதா என்பதுதான். நல்லது வரும், மட்டமானது வந்தமாதிரி காட்டும். மாலை மங்கலில் கண்ணாடி எவ்வளவு தெளிவு என்பது அடுத்தது. உங்களிடம் துப்பாக்கி இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதனால் இருபதாயிரத்துக்கு நல்ல பைனாகுலர் வாங்கிப் பறவை பார்க்க ஊசுடு ஏரிக்குப் போங்கள்.

கேள்வி: அண்ணே, நான் கப்பலில் இன்ஜினியர். நமீபியாவில் வால்விஸ் பே துறைமுகத்துக்கு அடிக்கடி போவேன், அங்கே ஒரு பண்ணைக்காரர் பழக்கம். அடுத்த வருடம் லீவில் வந்து முறைப்படி குடு, ஓரிக்ஸ் என்கிற பெரிய மான் வகைகளை வேட்டையாடலாம் என்று கூப்பிடுகிறார். எனக்குச் சின்ன வயதில் ஏர்கன் சுட்டதோடு சரி. இங்கே கடலூரில் இருந்துகொண்டு எப்படித் தயாராவது? எவ்வளவு தூரத்தில் சுட வேண்டியிருக்கும்? (ஒரு வாசகர், கடலூர் முதுநகர்)

தம்பி, ஒரு வருடம் முன்னாலேயே கேட்டீர்களே, அதற்கே பாராட்டு. பெரும்பாலானவர்கள் டிக்கெட் போட்ட பிறகுதான் கேட்பார்கள்.

நமீபியாவில் வேட்டை சட்டபூர்வமானது, ஆனால் வெளிநாட்டுக்காரர் தனியாகத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது, பதிவு பெற்ற வழிகாட்டி கூடவே வர வேண்டும். உங்கள் பண்ணைக்காரர் அப்படிப் பதிவு பெற்றவரா, இல்லை அப்படி ஒருவரை ஏற்பாடு செய்கிறாரா, பெர்மிட் யார் பெயரில் வரும் என்பதை முதலில் எழுத்தில் கேளுங்கள். பழக்கம் என்பதற்காகக் கேட்காமல் விட்டு அந்நிய நாட்டில் மாட்டிக்கொள்ளாதீர்கள். அங்கே மிருகத்துக்கு ஏற்ற சக்தியையும் விதித்திருக்கிறார்கள், ஸ்பிரிங்பாக் மாதிரி சிறியதுக்கு 1350 ஜூல், குடு, ஓரிக்ஸுக்கு 2700 ஜூல். இங்கிருந்து துப்பாக்கி கொண்டுபோகிற வேலையே வேண்டாம், வாடகைக்குக் கொடுப்பார்கள். ஆனால் வாடகைத் துப்பாக்கி உங்கள் தோளுக்குப் புதுசு, அதனால் முதல் நாள் முழுக்க அட்டைக் குறியில் சுட மட்டும் ஒதுக்கச் சொல்லுங்கள். ஒதுக்க மாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

தூரம் என்று கேட்டீர்கள். நல்ல வழிகாட்டி உங்களை நூறு, நூற்றைம்பது மீட்டருக்குக் கொண்டுபோய் நிறுத்தி, மூன்று கால் கோலை விரித்து வைப்பார். இதில் உட்கார்ந்தோ படுத்தோ சுடுகிற பேச்சே அநேகமாக இல்லை, புல்லும் முள்ளும் மறைக்கும், நின்றுகொண்டுதான். அதனால் இங்கே செய்ய வேண்டியது நெடுந்தூரப் பயிற்சி கிடையாது. பக்கத்தில் இருக்கிற ரைபிள் கிளப்பில் உறுப்பினராகி, .22 ரைபிளில் 50 மீட்டர் சுடப் பழகுங்கள். உதைப்பு இல்லாத துப்பாக்கியில்தான் விசையை நசுக்குகிற கை பழகும், பெரியதில் தொடங்கினால் சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடுகிற பழக்கம் வந்துவிடும், அப்புறம் போகவே போகாது. மூங்கில் கழி மூன்றை மேலே கட்டி வீட்டு மாடியில் கோல் செய்துகொள்ளுங்கள். ஏர்கன்னை அதில் வைத்து, எதிர்ச் சுவரில் ஒட்டிய நாணயம் அளவு புள்ளியை நின்றபடி குறிபார்த்து, உள்ளே எதுவும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, ஸ்பிரிங்கை ஏற்றாமல் வெறும் விசையை இழுங்கள். இழுக்கிற கணத்தில் முனை ஆடுகிறதா? தினம் இருபது முறை, ஒரு வருடம். இது சலிப்பான வேலைதான், என்ன செய்வது.

நடை முக்கியம். சில்வர் பீச் மணலில், தண்ணீர் ஓரத்து இறுகிய மணலில் இல்லை, மேலே கால் புதைகிற மணலில், முதுகில் ஐந்து கிலோவோடு காலையில் ஒரு மணி நேரம். நடந்து முடித்த உடனே, மூச்சு அடங்குவதற்கு முன், கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூரத்து படகு ஒன்றின் மேல் நிறுத்திப் பாருங்கள். அந்த ஆட்டம்தான் உங்கள் உண்மையான துல்லியம்.

காற்றைப் படிக்க நமக்கு மாதிரி வாத்தியார் யாருக்கும் கிடையாது. துறைமுகத்தில் வலை பின்னுகிற பெரியவர் யாரையாவது பிடியுங்கள், கொண்டல் எப்போது திரும்பும், கச்சான் எப்படிக் கிளம்பும் என்று கன்னத்தில் படுகிற காற்றை வைத்தே சொல்வார். அப்புறம் சவுக்குத் தோப்பைப் பாருங்கள், நுனி மட்டும் ஆடுகிறதா, நடுமரமும் ஆடுகிறதா, தோப்பின் இந்த ஓரமும் அந்த ஓரமும் ஒரே நேரத்தில் ஆடுகின்றனவா. ஒரே காற்று இருநூறு மீட்டருக்குள் மூன்று விதமாக வீசும் என்பதை நான் ஆல்ப்ஸில் பணத்தைக் கொட்டிக் கற்றுக்கொண்டேன், அது ரெட்டிச்சாவடி சவுக்குத் தோப்பில் இலவசமாகத் தெரியும். மத்தியான வெயிலில் பைனாகுலர் வழியே கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் பாருங்கள், ஓடுகிற பக்கம்தான் காற்றின் பக்கம், நேராக மேலே கொதித்தால் காற்று இல்லை, இல்லாவிட்டால் உங்கள் முகத்துக்கு நேராகவோ முதுகிலிருந்தோ வருகிறது.

மிருகத்தின் உடம்பைப் படியுங்கள். ஆப்பிரிக்க மான் வகைகளுக்கு இதயமும் நுரையீரலும் நாம் நினைப்பதைவிடத் தாழ்வாகவும் முன்னாலும் இருக்கும், முன்னங்கால் எலும்புக்கு நேர் மேலே, உடம்பின் கீழ்ப்பக்க மூன்றில் ஒரு பங்கில். இங்கே விலாவின் நடுவைப் பார்த்துப் பழகியவர்கள் அங்கே வயிற்றில் சுட்டுவிட்டு நாள் முழுக்க நடப்பார்கள். இன்னொரு விஷயம், காசுக் கணக்கு: தெற்கு ஆப்பிரிக்க நாடுகளில் பொதுவான வழக்கம், ஒரு துளி இரத்தம் விழுந்தால் மிருகம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முழுப்பணம் கட்ட வேண்டும். கறாரான விதி, ஆனால் எனக்குப் பிடித்த விதி. தூரமாக ஒன்று போட்டுப் பார்க்கலாம் என்கிற சபலத்தை அது நன்றாகவே அடக்கும்.

கொம்பைக் கொண்டுவந்து ஹாலில் மாட்டுகிற கனவை மட்டும் விட்டுவிடுங்கள். நம் வன உயிரினச் சட்டம், சுங்கம் என்று இரண்டு வாசல், கப்பலில் வேலை செய்கிறவர் அதில் ஒன்றில் மாட்டினாலும் வேலை போகும். இறைச்சி அந்த ஊர்க்காரர்களுக்குப் போகட்டும், உங்களுக்கு ஒரு போட்டோ போதும்.

கேள்வி: வேப்பூர் பக்கம் மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் கால் ஏக்கரை உருட்டிவிட்டுப் போகிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வாங்கி, நல்ல ஸ்கோப் போட்டு, பரண் மேல் இருந்து தூரத்திலேயே சுட்டுவிட்டால் என்ன? சட்டம் பேசாமல் விவசாயியாக யோசித்துப் பதில் சொல்லுங்கள். (ஒரு வாசகர், கடலூர் மாவட்டம்)

சட்டம் பேசாமல் முடியாது ஐயா, ஜெயிலுக்குப் போவது நீங்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றி இப்போதும் பட்டியலில் இருக்கிற மிருகம். துப்பாக்கி லைசென்ஸ் என்பது துப்பாக்கி வைத்திருப்பதற்கான அனுமதி, பன்றியைக் கொல்வதற்கான அனுமதி இல்லை, இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வழக்கு வாங்கியவர்கள் உண்டு. உயிருக்கு ஆபத்து வந்து தற்காப்புக்காகக் கொன்றால் சட்டம் மன்னிக்கும், சோளத்துக்கு அது பொருந்தாது. பீகாரில் சில காலம் காட்டுப்பன்றியையும் நீல்காய் மானையும் தீங்குயிர் என்று மத்திய அரசு அறிவித்தது, இங்கே அப்படி அறிவிக்கவில்லை. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டு எல்லையில் இருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியைச் சுடலாம், ஆனால் சுடுகிறவர் வனத்துறை ஆளாக இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும், ஒரு கிலோமீட்டருக்குள் கொல்லக்கூடாது. உங்கள் நிலம் எந்தக் கணக்கில் வருகிறது என்று வி.ஏ.ஓ.விடமும் வனவரிடமும் எழுத்தில் மனு கொடுங்கள், நஷ்டத்துக்குப் போட்டோவோடு தனியாக மனு கொடுங்கள்.

இப்போது விவசாயியாக யோசிப்போம். வேப்பூர் பக்கம் தரை எப்படி? தட்டை. பரண் மேல் இருந்து பக்கத்தில் நிற்கிற பன்றியைச் சுட்டால் குண்டு கீழ்நோக்கிப் போய் மண்ணில் புதையும், தூரத்தில் நிற்கிறதைச் சுட்டால் அது தரைக்கு இணையாகப் போகும். .308 மாதிரி ரைபிள் குண்டு எதிலும் படாமல் போனால் நான்கு கிலோமீட்டர் போகக்கூடியது. ராத்திரி, சோளத்துக்கு அந்தப்பக்கம் மோட்டார் போட வந்தவன் டார்ச் அணைத்துவிட்டு நிற்கிறானா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்ததாக வல்வில் ஓரியைப் புகழ்கிறோம், இன்றைக்குப் பிரான்சில் அவர் பெர்மி பரீட்சை எழுதினால் அந்த ஒரு அம்புக்கே பெயில் ஆகியிருப்பார். மிருகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே என்பதுதான் அங்கே முதல் பாடம்.

அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் ஒளித்த வெடி வைப்பதும், வேலியில் நேரடியாகக் கரண்ட் கொடுப்பதும் உங்கள் கடிதத்தில் இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், வேண்டாம். தாடை கிழிந்து தின்ன முடியாமல் பல நாள் பட்டினி கிடந்து சாகிற மிருகத்தை ஒரு தடவை பார்த்தவன் அவுட்டுக்காயைத் தொட மாட்டான். கரண்ட் வேலியில் பக்கத்து நிலத்துக்காரனும் சாவான்.

கேள்வி: என் மகனுக்கு ஏர்கன் வாங்கிக் கொடுத்தேன். லைசென்ஸ் தேவையில்லை என்று கடையில் சொன்னார்கள். ஊசுடு ஏரிப் பக்கம் மடையான் சுடலாமா? (ஒரு வாசகர், வில்லியனூர்)

லைசென்ஸ் தேவையில்லை என்பது சரி, .177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்குள் சக்தியும் இருந்தால். மடையான் சுடலாமா என்றால் கூடாது, எங்கேயும் கூடாது, அதிலும் ஊசுடு 2008-இல் அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயம். பையனைக் கிளப்பில் சேருங்கள். பத்து மீட்டர் ஏர் ரைபிள் ஒலிம்பிக்கில் இருக்கிற விளையாட்டு, 2008-இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது அதில்தான். பறவையைச் சுட்டுக்கொண்டு திரிந்தால் கையும் பழகாது.

கேள்வி: வள்ளலார் தருமச்சாலை அமைத்த ஊரில் இருந்து எழுதுகிறேன். 1867-இல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் பசித்தவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது. உயிரைக் கொல்வதில் என்ன நியாயம், என்ன முறை, என்ன தயாரிப்பு? எவ்வளவு தூரத்தில் நின்று கொன்றாலும் கொலை கொலைதானே? இந்த மாதிரிப் பக்கங்களை வெளியிட உங்களுக்கு வெட்கமாக இல்லையா? (ஒரு வாசகர், வடலூர்)

ஐயா, இந்தக் கடிதத்தை ஆசிரியர் எடுத்துவிடலாம் என்றார், நான்தான் போடச் சொன்னேன். கொல்லவே கூடாது என்பவரிடம் வாதாடி ஜெயிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. தருமச்சாலையில் நானும் சாப்பிட்டிருக்கிறேன், மறுவாரம் மீன் மார்க்கெட்டில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டும் நின்றிருக்கிறேன், அப்படிப்பட்ட ஆள்தான் நான். ஆனால் நீங்கள் கேட்ட ஒன்றுக்கு மட்டும் மறுப்பு சொல்வேன்: எவ்வளவு தூரத்தில் நின்றாலும் ஒன்றுதானே என்பது. கொல்லப்படுகிற உயிருக்கு அது ஒன்றில்லை. அதற்காகத்தான் இந்தப் பக்கமே எழுதுகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தக் கிழவரின் பத்துத் தோட்டா பரீட்சைக்கு முந்தைய வருடம். அக்டோபர் மாதம், ஒரு பள்ளத்தாக்கின் இந்தப்பக்கம் நான், அந்தப்பக்கச் சரிவில் ஒரு கிடா ஷமுவா. அப்போது என்னிடம் தூரம் அளக்கிற கருவி கிடையாது, பின்னால் அளந்தபோது 340 மீட்டர் வந்தது. நான் இருந்த இடத்தில் ஒரு புல் கூட அசையவில்லை. அந்தப்பக்கம் வெயில். சுட்டேன், ஆடு முதுகைக் கூனிக்கொண்டு நான்கு அடி வைத்து, பாறைக்குப் பின்னால் மறைந்தது. முதுகைக் கூனினால் வயிற்றில் பட்டிருக்கிறது என்று இன்றைக்குத் தெரியும், அன்றைக்கு அடித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.

இறங்கி ஏறி அந்தச் சரிவுக்குப் போய்ச்சேர ஒன்றேகால் மணி நேரம். போன பிறகுதான் தெரிந்தது, எந்தப் பாறை என்றே தெரியவில்லை. இந்தப்பக்கத்தில் இருந்து பார்க்கும்போது ஒரே ஒரு பாறை, அங்கே போய் நின்றால் முப்பது பாறை. 100 மீட்டரில் சுடுகிறவன் இரண்டு நிமிடத்தில் ஆடு நின்ற இடத்தில் நிற்பான், இரத்தம் இளஞ்சிவப்பாக நுரையோடு இருந்தால் நுரையீரல், கருஞ்சிவப்பென்றால் ஈரல், பச்சையாகத் தழை கலந்திருந்தால் குடல் என்று பார்த்து, உடனே தேடுவதா, பல மணி நேரம் பொறுப்பதா என்று முடிவெடுப்பான். குடலில் பட்டதை உடனே துரத்தினால் அது இன்னும் தூரம் ஓடும், விட்டுவைத்தால் பக்கத்திலேயே படுத்துவிடும். நான் அந்தி வரைக்கும் முதல் துளியைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை, தேடுகிறேன் என்று சரிவு முழுக்க மிதித்து அது படுத்திருந்த இடத்தில் இருந்தும் எழுப்பி விரட்டியிருக்கிறேன் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

அங்கே இதற்கென்றே இரத்தத் தடம் பிடிக்கிற நாய் வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். ராத்திரி போன் செய்தேன். காலையில் ஒரு தபால்காரர் தன் நாயோடு வந்தார், லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை, எங்கே நின்று சுட்டாய் என்று மட்டும் கேட்டார், கையைக் காட்டினேன், அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அவ்வளவுதான். பதினொரு மணிக்கு நாய் அதைக் கண்டுபிடித்தது, சுட்ட இடத்தில் இருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, ஒரு பாறை இடுக்கில். உயிர் இருந்தது. அவர்தான் முடித்து வைத்தார்.

அந்த மலையில் ஷமுவாவுக்கு ஆளுக்கு இத்தனை என்று கணக்கு உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வளையம் தருவார்கள், விழுந்ததை நகர்த்துவதற்கு முன் காலில் அதை மாட்டிப் பூட்ட வேண்டும். எனக்கு அந்த வருடம் இரண்டு. ஒன்றை அதன் காலில் மாட்டினேன், குளிரில் கை நடுங்கி மூன்று முறை வழுக்கியது. இன்னொன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வெட்கமாக இல்லையா என்று கேட்டிருந்தீர்கள், இருந்தது ஐயா.

அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள் தூரத்தை மீட்டரில் எழுதுகிறீர்களா, கெஜத்தில் எழுதுகிறீர்களா என்று தயவுசெய்து குறிப்பிடுங்கள். 500 கெஜம் என்பது 457 மீட்டர், போன மாதம் ஒருவருக்கு நான் எழுதிய பதில் முழுக்க அதனால் தப்பாகப் போயிருக்கிறது, அவர் இதைப் படித்தால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதவும்.